முதியோர் இல்லத்தில் நோய் பரவுவது எப்படி?

அப்பாவையோ அம்மாவையோ முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள்?

"சாப்பாடு எப்படி இருக்கும்?"

"அறையில் காற்று வருமா? ஏ.சி. உண்டா?"

"மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?"

இந்த மூன்று கேள்விகளோடு பேச்சு முடிந்து விடுகிறது. முன்பணத்தைக் கட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.

நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்பவர்கள் குறைவு.

"இங்கே வேலை செய்கிறவர்கள் ஒரு படுக்கையை விட்டு அடுத்த படுக்கைக்குப் போகும்போது கை கழுவுகிறார்களா?"

சின்னக் கேள்விதான். ஆனால், உள்ளே இருக்கும் முதியவர்களின் உயிர் பல நேரங்களில் இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது.

பொத்தேரிப் பாதை

சென்னைக் கடற்கரையில் இருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரெயிலில், கூடுவாஞ்சேரிக்கு அடுத்த நிலையம் பொத்தேரி. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஊர். எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இங்கே இருக்கிறது. டாக்டருக்கும் நர்சுக்கும் என்ஜினீயருக்கும் படிக்கும் பிள்ளைகள் காலையில் கூட்டம் கூட்டமாக ரெயிலை விட்டு இறங்குகிறார்கள்.

படிப்பு முடிந்ததும் இந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பலர் பெங்களூருக்குப் போவார்கள். சிலர் சிங்கப்பூருக்கும், அமெரிக்காவுக்கும் போவார்கள். பெற்றோர் ஊரில் இருப்பார்கள்.

இதே பாதையில், தாம்பரம் தொடங்கிச் செங்கல்பட்டு வரை, முதியோர் இல்லங்கள் பல இருக்கின்றன. தர்மத்துக்கு நடப்பவை உண்டு. கட்டணம் வாங்குபவையும் உண்டு. "வீட்டுக்கே ஆள் அனுப்புகிறோம்" என்று நர்சுகளையும் ஆயாக்களையும் அனுப்பும் நிறுவனங்களும் உண்டு.

இவை இனிக் குறையப் போவது இல்லை. கூடத்தான் போகின்றன.

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2031-ம் ஆண்டில் இது 100-க்கு 18 ஆகும் என்று மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2021-ல் மதிப்பிட்டது. இந்தியாவில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியவர்கள் நிறைந்த பெரிய மாநிலம் தமிழ்நாடுதான்.

ஆகவே, இது யாரோ நாலு பணக்கார வீட்டுச் சமாசாரம் அல்ல. எல்லாக் குடும்பங்களுக்கும் வரப்போகிற பிரச்சினை.

ஒரே இல்லத்தில் 101 பேர்!

2020-ம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசி. அமெரிக்காவில் சியாட்டில் நகருக்குப் பக்கத்தில் கிர்க்லாந்து என்று ஓர் ஊர். அங்கே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். அதில் இருந்த ஒரு மூதாட்டிக்குக் கொரோனா என்று தெரிந்தது.

மூன்றே வாரம். மார்ச் 18-ந் தேதி கணக்கு எடுத்தார்கள். இல்லத்தில் தங்கி இருந்தவர்களில் 101 பேருக்கு நோய்! ஊழியர்களில் 50 பேருக்கு நோய்! பார்க்க வந்தவர்களில் 16 பேருக்கு நோய்! நோய் கண்ட முதியவர்களில் மூன்றில் ஒருவர் இறந்து போனார்.

உலகத்திலேயே பணக்கார நாடு. அங்கே ஏன் இப்படி நடந்தது?

அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தார் விசாரித்தார்கள். அவர்கள் கண்டுபிடித்த காரணங்களைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். மருந்து இல்லாதது முதல் காரணம் அல்ல.

ஊழியர்களில் சிலர் உடம்பு சரியில்லாதபோதும் வேலைக்கு வந்தார்கள். சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தார்கள். முகக்கவசத்தையும் கையுறையையும் எப்படிப் போடுவது, எப்படிக் கழற்றுவது என்று பலருக்குச் சரியாகத் தெரியவில்லை. நோய் வந்து விட்டது என்பதைக் கண்டுகொள்ளவே நாள் ஆகிவிட்டது.

அவ்வளவுதான்! இந்த நாலு ஓட்டைகள் வழியாகத்தான் மரணம் உள்ளே நுழைந்தது.

இதைப் பார்த்துச் சிலர் உடனே விழித்துக்கொண்டார்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு, அதே மார்ச் மாதக் கடைசியில் ஓர் உத்தரவு போட்டது. "முதியோர் இல்ல ஊழியர் இனி ஒரே ஓர் இல்லத்தில்தான் வேலை பார்க்க வேண்டும்" என்பதே அந்த உத்தரவு.

அம்மை போட்ட வீட்டில் நம் பாட்டிமார் என்ன செய்தார்கள்? வாசலில் வேப்பிலை செருகினார்கள். கண்டவர்களை உள்ளே விடவில்லை. நோயாளியை ஒருவரே கவனித்துக்கொண்டார். கனடா அரசு போட்ட உத்தரவின் சாரமும் ஏறத்தாழ இதுதான்.

கையே வாகனம்

கிருமிக்குக் கால் இல்லை. அது நடந்து போகாது. சில கிருமிகள் இருமலிலும் தும்மலிலும் காற்றில் போகும். மற்றபடி, இல்லத்தில் கிருமிக்கு வாகனம் எது? கவனிக்கிறவரின் கைதான்.

ஓர் ஆயாவின் காலை நேரத்தை எண்ணிப் பாருங்கள்.

ஒரு தாத்தாவுக்கு டயபர் மாற்றுகிறார். அடுத்த கட்டிலில் உள்ள பாட்டிக்கு இட்லி ஊட்டுகிறார். மூன்றாவது கட்டிலில் புண்ணுக்குத் துணி மாற்றுகிறார். நாலாவது கட்டிலில் தலை வாரி விடுகிறார். நடுவில் போன் அடிக்கிறது. எடுத்துப் பேசுகிறார்.

நடுவில் எங்கேயும் கை கழுவாவிட்டால் என்ன ஆகும்? தாத்தாவின் வயிற்றுப்போக்கு பாட்டியின் இட்லிக்குப் போய்ச் சேரும்.

ஆயா கெட்டவர் அல்ல. ஓடி ஓடி உழைக்கிறார். ஆனால், 15 பேருக்கு ஒரே ஆள். தண்ணீர்க் குழாய் தாழ்வாரத்தின் கோடியில் இருக்கிறது. சோப்பு தீர்ந்து நாலு நாள் ஆகிறது. பின் எப்படிக் கழுவுவார்?

கையுறை போட்டால் போதாதா? போதாது. ஒரே கையுறையோடு நாலு படுக்கைக்குப் போனால், கழுவாத கையோடு போனதும் அதுவும் ஒன்றுதான். கையுறையை ஒவ்வொரு ஆளுக்கும் மாற்ற வேண்டும். கழற்றிய பிறகும் கை கழுவ வேண்டும்.

கை கழுவுவதின் மகிமை புதிதாகத் தெரிந்தது அல்ல. 1847-ம் ஆண்டு, ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில், செம்மல்வைஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவர் வேலை பார்த்த பிரசவ ஆஸ்பத்திரியில், அந்த ஏப்ரல் மாதம் 100 தாய்மாரில் 18 பேர் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். பிணத்தை அறுத்துப் பார்த்த டாக்டர்கள் அதே கையோடு பிரசவம் பார்க்க வருவதை அவர் கவனித்தார். "குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவிவிட்டு வாருங்கள்" என்றார். ஜூன் மாதம் சாவு 100-க்கு இரண்டாகக் குறைந்தது!

அப்போது கிருமி என்றால் என்ன என்றே யாருக்கும் தெரியாது. இப்போது தெரியும். ஆனாலும், உலக சுகாதார நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் மே 5-ந் தேதி "கை கழுவுங்கள்" என்று டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நினைவூட்ட வேண்டி இருக்கிறது.

நோயாளியைத் தொடுவதற்கு முன், தொட்ட பின், புண்ணுக்கு மருந்து போடுவது, குழாய் செருகுவது போன்ற வேலைகளுக்கு முன், மலம், சிறுநீர், சளி, இரத்தம் ஆகியவை பட்டிருக்கக் கூடிய வேலைக்குப் பின், நோயாளியின் கட்டில், மேசையைத் தொட்ட பின். இந்த ஐந்து நேரமும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அந்த நிறுவனம் கூறுகிறது. சோப்பு போட்டுக் கழுவி முடிக்க ஒரு நிமிடம் போதும். கையில் அழுக்கு தெரியாவிட்டால் சானிடைசர் தேய்க்கலாம். அதற்கு அரை நிமிடம்.

காய்ச்சல் இல்லாத காய்ச்சல்!

முதியவர்களுக்கு நோய் வந்தால் கண்டுபிடிப்பது கடினம். ஏன் தெரியுமா?

குழந்தைக்குக் கிருமி தாக்கினால் உடம்பு கொதிக்கும். அழும். எல்லோருக்கும் தெரியும். 80 வயதுக்காரருக்கு அப்படி அல்ல. உடம்பில் எதிர்த்துப் போராடும் சக்தி குறைந்து போவதால், காய்ச்சலே வராமல் இருக்கலாம்.

அதற்குப் பதில் வேறு அடையாளங்கள் தெரியும். நேற்று வரை நன்றாகச் சாப்பிட்டவர் இன்று சோற்றைத் தள்ளி விடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் ஆள் தெரியாமல் பேசுவார். எழுந்து நடந்தவர் தடுக்கி விழுவார். பகல் முழுவதும் தூங்குவார்.

"வயசாகி விட்டது, அப்படித்தான்" என்று விட்டு விடுகிறார்கள். அது வயதின் கோளாறாக இல்லாமல், நிமோனியாவாகவோ, சிறுநீரில் கிருமியாகவோ இருக்கலாம். திடீர் மாற்றம் எதுவானாலும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தினமும் பக்கத்தில் இருந்து பார்க்கிற ஆயாவுக்குத்தான் இந்த மாற்றம் முதலில் தெரியும். ஆகவே, ஆயாவின் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கும் இல்லமே நல்ல இல்லம்.

வாய், முதுகு, குழாய், தோல்

முதியோர் இல்லத்தில் கிருமி குடியேறும் இடங்கள் முக்கியமாக நாலு.

முதலாவது, வாய். பல் தேய்க்காத வாயில் கிருமி பெருகும். படுத்தபடியே சாப்பிடும்போது புரை ஏறினால், அந்தக் கிருமி நுரையீரலுக்குப் போகும். நிமோனியா வரும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஊழியர்களே வாயைச் சுத்தம் செய்து விட்டார்கள். மற்றவர்களை வழக்கம்போல் விட்டார்கள். 2002-ல் முடிவு வெளிவந்தது. வழக்கம்போல் விட்டவர்களில் 100-க்கு 19 பேருக்கு நிமோனியா. வாயைச் சுத்தம் செய்தவர்களில் 100-க்கு 11 பேருக்குத்தான்! இதற்குப் பெரிய மருந்தா வேண்டும்? ஒரு பிரஷ் போதும். உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, முதுகு. அசையாமல் படுத்திருப்பவருக்கு முதுகிலும், இடுப்பிலும், குதிகாலிலும் தோல் சிவக்கும். பிறகு புண்ணாகும். படுக்கைப் புண் என்பது இதுதான். அதன் வழியாகக் கிருமி இரத்தத்துக்குப் போகும். சுமார் இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைத்தால் பெரும்பாலும் வராது. இரவிலும் புரட்ட வேண்டும். ஆகவே, இரவில் ஆள் உண்டா என்பது பெரிய கேள்வி.

மூன்றாவது, சிறுநீர்க் குழாய். அடிக்கடி துணி மாற்றுவது கஷ்டம் என்பதற்காகக் குழாய் போட்டு விடுவது உண்டு. குழாய் எத்தனை நாள் உள்ளே இருக்கிறதோ, அத்தனைக்கு அத்தனை ஆபத்து. அவசியம் இல்லாவிட்டால் போடக் கூடாது. போட்டால், "எப்போது எடுக்கலாம்?" என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சிறுநீர்ப் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் படக் கூடாது.

நாலாவது, தோல். சொறி சிரங்கு உயிரை வாங்காது. ஆனால், ஓர் இல்லத்துக்குள் வந்து விட்டால் லேசில் போகாது. கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி தோலுக்குள் புகுவதால் வருவது அது. புதிதாகத் தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். அதற்குள் பத்துப் பேருக்குப் பரவி விடும். அரிக்கிறவருக்கு மட்டும் மருந்து போட்டுப் பயன் இல்லை. அவரோடு பழகிய எல்லோருக்கும், ஊழியர்களுக்கும் சேர்த்து, ஒரே நாளில் மருந்து போட வேண்டும். துணிகளைச் சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும்.

இவற்றோடு காசநோயையும் மறக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால், முதியவரோ ஊழியரோ, சளியைச் சோதிக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. சளி பிடித்தால் ஒரு மாத்திரை, உடம்பு சுட்டால் ஒரு மாத்திரை என்று கிருமிக்கொல்லி மருந்தைக் கண்டபடி கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் அந்த இல்லத்திலேயே வளரும். பிறகு உண்மையில் தேவைப்படும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாது.

கதவைச் சாத்தினால் போதுமா?

2020-ல் கொரோனா பரவியபோது, நாடெங்கும் முதியோர் இல்லங்கள் கதவைச் சாத்தின. பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் மாதக் கணக்கில் உள்ளே போக முடியவில்லை. போனில் முகம் பார்த்து அழுதார்கள்.

அப்போது தடுப்பு ஊசி இல்லை. வேறு வழி தெரியவில்லை. ஆகவே, அதைக் குறை கூற முடியாது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தியாவில் ஊசி போடத் தொடங்கியதே 2021 மார்ச் 1-ந் தேதிதான்.

ஆனால், கதவைச் சாத்துவதே எப்போதும் வைத்தியம் என்று நினைத்து விடக் கூடாது. மகன் வெளியே நின்றான். ஊழியர்கள் தினமும் பஸ்சிலும் ரெயிலிலும் வந்து போனார்கள். கிருமி யாரோடு வரும்? நுழைகிறவர் மகனா, ஊழியரா என்று அதற்குத் தெரியாது.

இந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்த ரெயில் பாதைதான் என்றால் வியப்பாக இருக்கும். அதுவும் இரண்டு தரம்!

பொத்தேரிக்கு வடக்கே தாம்பரம் சானடோரியம் என்று ஒரு நிலையம் இருக்கிறது. 1928-ல் டாக்டர் முத்து என்பவர் அங்கே காசநோயாளிகளுக்காக ஆஸ்பத்திரி தொடங்கினார். அதனால் வந்த பெயர் அது. காசநோய் கண்டால் குடும்பத்தை விட்டுப் பிரிந்து, மாதக் கணக்கில் இப்படிப்பட்ட இடத்தில் தங்க வேண்டும் என்பது அந்தக் கால வைத்தியம்.

1956-ல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில் தங்கி மருந்து சாப்பிட்டது. இன்னொரு பிரிவு ஏழை வீடுகளில், குடும்பத்தோடு இருந்தபடியே அதே மருந்தைச் சாப்பிட்டது. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணம் அடைந்தார்கள். அதோடு, அவர்கள் வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை! உலகம் முழுவதும் காசநோய் சானடோரியங்கள் மூடப்பட இதுவும் ஒரு பெரிய காரணம்.

பொத்தேரிக்குத் தெற்கே, செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-ல் தொழுநோயாளிகளுக்காக லேடி வெலிங்டன் சானடோரியம் ஏற்பட்டது. 1955-ல் மத்திய அரசு அதை ஏற்று ஆராய்ச்சி நிலையம் ஆக்கியது. தொழுநோய்க்குச் சல்போன் மருந்தை இந்தியாவில் முதலில் கொடுத்துப் பார்த்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் 1940-களில் இங்கே வேலை பார்த்தவர். 1980-களில் கூட்டு மருந்து வந்தது. அதைச் சாப்பிடத் தொடங்கிய சில நாட்களிலேயே நோய் பிறருக்குத் தொற்றும் தன்மை போய் விடுகிறது.

மருந்து வந்தது. ஆனால், பயம் போகவில்லை. தொழுநோயாளிகளைப் பிடித்து ஒதுக்கி வைக்க வழி செய்த 1898-ம் ஆண்டுச் சட்டம் 2016-ல்தான் ரத்து ஆனது. தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற விதி 2019-ல்தான் நீக்கப்பட்டது. குணம் ஆன பிறகும் வீடு திரும்ப முடியாமல், பரனூரில் உள்ள அரசு மறுவாழ்வு இல்லத்தில் முதுமை அடைந்தவர்கள் உண்டு.

இரண்டு கதைகளும் சொல்வது ஒன்றுதான். நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்துச் சரியான மருந்து கொடுத்தால் பரவுவது நிற்கும். பயந்துபோய் ஆளைப் பூட்டி வைத்தால், அவர் வாழ்க்கைதான் போகும்.

முதியவருக்குத் தனிமையும் ஒரு நோய். மகளைப் பார்க்காத தாய் சாப்பிட மாட்டாள். சாப்பிடாத உடம்பு கிருமிக்குச் சுலபமாக இடம் கொடுக்கும். ஆகவே, காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் போக வேண்டாம். மற்றவர்கள் கை கழுவிவிட்டு, தாராளமாகப் போய்ப் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகளிடம் இருந்து பணம் வாங்கித் தர இதில் வழி உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது 150 ஏழை முதியவர்கள் தங்கும்படி இல்லம் அமைக்கலாம் என்றும் அது கூறுகிறது. தமிழ்நாடு அரசு இதற்கான விதிகளை 2009-ல் செய்தது.

இந்தச் சட்டத்தைத் திருத்த 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. முதியோர் இல்லங்கள் எல்லாம் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். இல்லங்களுக்குக் குறைந்தபட்சத் தரத்தை அரசு வகுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஆனால், அது சட்டம் ஆகவில்லை. 2024-ல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் போய் விட்டது.

ஆஸ்பத்திரிகளில் கிருமி பரவாமல் தடுப்பது எப்படி என்று மத்திய அரசு 2020 ஜனவரியில் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. நல்ல நூல். ஆனால், அது ஆஸ்பத்திரியை மனதில் வைத்து எழுதியது. ஆஸ்பத்திரியில் நோயாளி நாலு நாள் இருப்பார். இல்லத்தில் நாலு வருடம் இருப்பார். ஆஸ்பத்திரியில் நர்சு இருப்பார். இல்லத்தில் பல வேளைகளில் ஆயா மட்டுமே இருப்பார்.

கிண்டியில் முதியோருக்காகவே கட்டிய பெரிய ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. அது 2020 ஜூலையில் முதலில் கொரோனா ஆஸ்பத்திரியாகத்தான் திறந்தது! 2024 பிப்ரவரியில்தான் தேசிய முதியோர் நல மருத்துவமனையாக வேலையைத் தொடங்கியது. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்க் கவனிக்கிறார்கள். இவை நல்ல காரியங்கள். இவற்றோடு, இல்லங்களில் கிருமித் தடுப்பைச் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடும் சேர வேண்டும். கட்டடத்தின் நீள அகலத்தை அளந்தால் மட்டும் போதாது. குழாயில் தண்ணீர் வருகிறதா, பக்கத்தில் சோப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சம்பளமும் ஒரு தடுப்பு மருந்து

நோயோடு ஊழியர் வேலைக்கு வருவது ஏன்? வராவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. வீட்டில் அடுப்பு எரியாது. கிர்க்லாந்தில் கண்ட கதைதான் இங்கேயும்.

காய்ச்சல் நாளில் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தால் என்ன செலவாகும்? ஒரு நாள் கூலி. கொடுக்காவிட்டால் என்ன செலவாகும்? 20 முதியவர்களின் ஆஸ்பத்திரிச் செலவு. சில உயிர்கள்.

இது இல்லம் நடத்துகிறவர்கள் மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம் அல்ல. குறைந்த கட்டணத்தையே தேடும் குடும்பங்களும் யோசிக்க வேண்டும். கட்டணம் மிகவும் குறைந்தால் ஆள் குறையும். ஆள் குறைந்தால் கை கழுவ நேரம் இராது.

என்ன கேட்க வேண்டும்?

இல்லத்தில் சேர்க்கும்போது, அல்லது வீட்டுக்கு ஆள் வைக்கும்போது, இவற்றைக் கேளுங்கள்:

1. பகலில் எத்தனை பேருக்கு ஓர் ஆள்? இரவில் எத்தனை பேருக்கு ஓர் ஆள்?

2. ஒவ்வோர் அறைக்கும் பக்கத்தில் தண்ணீரும் சோப்பும் அல்லது சானிடைசரும் இருக்கிறதா?

3. ஊழியருக்குக் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு விடுமுறை உண்டா?

4. ஊழியர்கள் வேறு இடத்திலும் வேலை பார்க்கிறார்களா?

5. ஒருவருக்குத் தொத்து நோய் வந்தால் தனியாகக் கவனிக்க ஓர் அறை உண்டா? குடும்பத்துக்கு அன்றே சொல்வார்களா?

6. புளூ, நிமோனியா தடுப்பு ஊசி பற்றி டாக்டரிடம் கேட்டு ஏற்பாடு செய்கிறார்களா? ஊழியர்களும் ஊசி போட்டுக்கொள்கிறார்களா?

7. படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் போடும் நேரத்தை எழுதி வைக்கிறார்களா?

பதில் வாயால் வந்தால் மட்டும் நம்ப வேண்டாம். கை கழுவும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். சோப்பு ஈரமாக இருக்கிறதா? காய்ந்து வெடித்துக் கிடக்கிறதா? உண்மையை அது சொல்லி விடும்.

வீட்டிலேயே பெற்றோரை வைத்துக் கவனிப்பவர்களுக்கும் இதே விதிகள்தான். வெளியே போய்விட்டு வந்தால் கை காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? அந்தத் தாத்தாவும் பாட்டியும்தான். அவர்கள் சொன்னதை, இப்போது அவர்களுக்காகவே செய்ய வேண்டிய காலம் வந்திருக்கிறது.